மருமவனே, தீர்க்கதரிசி ஆகப்போறியா?

வாய்யா மருமவனே. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். தீர்க்கதரிசி கீழ விழப்போறது அவருக்கே தெரியலையான்னு ஊரு சிரிச்சுரும். கட்டில்ல உக்காரு. காப்பி வருது.

உங்க அத்தை நேத்து ராத்திரியே சொல்லிட்டா. செல்போன் கடைய ஏறக்கட்டியாச்சு, அதுக்கு முந்தின கோழிப்பண்ணையும் போச்சு, இப்பம் தீர்க்கதரிசன ஊழியத்துக்கு இறங்கப்போறியாம். போஸ்டர பஸ் ஸ்டாண்டு சுவர்ல பாத்தேன். நீலக் கோட்டு, நீட்டுன கை, முதுகுக்குப் பின்னால ஒரு கழுகு. கழுகு நல்லா வந்துருக்கு. பேருக்கு முன்னால 'தீர்க்கதரிசி', அதுக்கும் முன்னால 'டாக்டர்'. பத்தாங்கிளாஸ்ல கணக்குக்கு நீ எத்தன வாட்டி பரீட்சை எழுதினன்னு அந்தக் கழுகுக்குத் தெரியுமா?

கோவப்படாத. தடுக்கதுக்கு உன்னக் கூப்பிடல. கருப்பட்டி யாவாரம் பண்ணவன் நான்; ஒரு தொழில்ல இறங்குமுன்ன, அதுல முன்னால போனவன் எங்கெங்க விழுந்தான்னு பாத்துட்டு இறங்கணும்னு நினைக்கவன். சேகரக் கமிட்டியில இத்தன வருஷம் சும்மா உக்காந்து கொட்டாவி விட்டேன்னு நினைக்காத. ஐயர்மாரு கொடுத்த புஸ்தகம் கொஞ்சம் படிச்சேன். மிச்சத்த பேரன் போன்ல காட்டுவான்.

முதல்ல தேதி. தேதி மட்டும் சொல்லிராத எய்யா. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி. தானியேல் புஸ்தகத்துல வார 2,300 நாள வருஷமாக்கிக் கூட்டிக் கழிச்சு, இயேசு 1843 வாக்குல வந்துருவாருன்னாரு. பொறவு அந்தக் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ன்னு நாளே குறிச்சுட்டாவ. விளைஞ்சத அறுக்காம வயல்லயே விட்டவன் உண்டு. அக்டோபர் 23 வழக்கம்போல விடிஞ்சுது. மில்லர் கணக்கு தப்பிப்போச்சுன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த மட்டுக்கும் மனுசன்.

எட்கர் விஸ்னன்ட்னு இன்னொருத்தர். நாசாவுல இஞ்சினீயரா இருந்தவரு. 1988-ல சபை எடுத்துக்கொள்ளப்படும், அதுக்கு 88 காரணம் இருக்குன்னு புஸ்தகம் போட்டாரு. லட்சக்கணக்குல போச்சு. எடுத்துக்கொள்ளப்பட்டது புஸ்தகம் மட்டுந்தான். அடுத்த வருஷம் கொஞ்சமும் கூசாம 1989-ன்னு மாத்திச் சொன்னாரு.

ஹெரால்ட் கேம்பிங்குக்கு ரேடியோ நிலையமே சொந்தம். 1994-ல ஒருக்கா சொல்லி நடக்கல. பொறவு 2011 மே 21-ன்னு ரோட்டோரமெல்லாம் பெரிய பெரிய பலகை வச்சாவ. அத நம்பித் தன் சேமிப்பப் போட்டு விளம்பரம் பண்ண ஒருத்தர், அன்னைக்குச் சாயந்தரம் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துல பைபிளும் கையுமா நின்னாரு. சுத்திப் பத்திரிகைக்காரன், வேடிக்கை பாக்கவன். ஆறு மணி தாண்டுச்சு. வெளிச்சப் பலகையெல்லாம் பாட்டுக்கு மின்னிக்கிட்டு இருந்துச்சு. கேம்பிங் அக்டோபர் 21-க்குத் தள்ளி வச்சாரு. அதுவும் போனப்புறம், மறுவருஷம், நாள் குறிச்சது பாவம்னு எழுதினாரு. அவருக்கு ஒரு கடுதாசியோட முடிஞ்சுது. சேமிப்பு போனவனுக்கு?

இவ்வளவு தூரம் என்னத்துக்குப் போகணும். பக்கத்து மலையாளத்துல, தமிழ்ப் பிராமணக் குடும்பத்துல பிறந்து கிறிஸ்தவரானவரு வித்துவான் குட்டி. ஞானஸ்நானப் பேரு யுஸ்தூஸ் ஜோசப். 1881-ல ஆண்டவர் வாராருன்னு ஒரு கூட்டத்தயே காத்திருக்க வச்சாரு. ஆண்டவரு வரல. ஆனா அந்த மனுசன் எழுதின பாட்ட மலையாளத்துச் சபைகள்ல இன்னைக்கும் பாடுதாவ. தீர்க்கதரிசனம் போனாலும் பாட்டு நின்னுச்சு. உனக்குப் பாட்டும் வராதே, எய்யா.

அதனால 'சீக்கிரம்'ங்கிற வார்த்தைய விட்டு நகராத. "வருகிற நாட்களில் ஒரு வாசல் திறக்கும்." எந்த வாசல்னு எவனாவது கேட்டா, ஆவிக்குரிய வாசல்னுரு. "இங்க ஒருத்தருக்கு இடுப்பு வலி இருக்கு, கர்த்தர் தொடுதாரு." ஆயிரம் பேரு தரையில உக்காந்துருக்க பந்தல்ல இடுப்பு வலிக்காதவன் எவன்? "மேரின்னு ஒரு சகோதரி கண்ணீரோட வந்துருக்காங்க"ன்னு சொல்லு. நம்ம தூத்துக்குடி ஜில்லாவுல மேரி இல்லாத கூட்டத்த நீ கூட்டவே முடியாது. கண்ணீரு எந்த வீட்டுலதான் இல்ல.

பேரு, வியாதி, வீட்டு நம்பர் எல்லாம் புட்டுப்புட்டு வைக்கணும்னு ஆசைப்பட்டா, பீட்டர் போப்போஃப் கதையக் கேட்டுட்டு ஆசைப்படு. இவரும் அமெரிக்காதான், 1986. கூட்டத்துல நடந்து போவாரு, டக்குனு ஒருத்தர் முன்னால நிப்பாரு, பேரச் சொல்லுவாரு, வியாதியச் சொல்லுவாரு, தெருவச் சொல்லுவாரு. சனம் அழுதுரும். ஜேம்ஸ் ராண்டின்னு ஒரு வித்தைக்காரரு. மந்திரவாதிக்கு மந்திரவாதியத் தெரியும்லா? சுகமாக்குற ஊழியக்காரரு காதுல எதுக்குய்யா காது மிஷினு மாதிரி ஒண்ணுன்னு யோசிச்சாரு. ஆள வச்சு, ரேடியோ அலையப் பிடிக்க ஒரு கருவியோட போய், 39.17 மெகாஹெர்ட்ஸ்ல பிடிச்சாவ. பிடிச்சா, பேசினது கர்த்தர் இல்ல, ஊழியக்காரரு சம்சாரம். கூட்டம் தொடங்குமுன்ன சனங்க எழுதிக் கொடுத்த ஜெபச் சீட்ட வெளிய வண்டியில இருந்து அந்தம்மா வாசிக்க, இவரு உள்ள தீர்க்கதரிசனம் உரைக்காரு. ஜானி கார்சன் நடத்துன டிவி நிகழ்ச்சியில ராண்டி அந்தப் படத்த ஒருக்கா சத்தம் இல்லாம, ஒருக்கா சம்சாரத்துச் சத்தத்தோட போட்டுக் காட்டினாரு. 1987-ல மனுசன் திவால்.

முடிஞ்சுதுன்னு நினைச்சியா? பல வருஷம் கழிச்சு அதே ஆளு டிவியில வந்து 'அற்புத ஊற்றுத் தண்ணி'ன்னு பாக்கெட் அனுப்பிக் காணிக்கை வாங்கினாரு. உனக்கு இதுல ரெண்டு சந்தோசம் இருக்கு. ஒண்ணு, மாட்டிக்கிட்டாலும் பொழப்பு நடக்கும். இன்னொண்ணு, இன்னைக்கு காது மிஷினே வேண்டாம். சனங்களே ஃபேஸ்புக்குல பிள்ளை பேரு, கல்யாண நாளு, ஆஸ்பத்திரி போட்டோ எல்லாம் போட்டு வச்சிருக்கு. கூட்டத்துக்குப் பேரு கொடுக்கையிலயே போன் நம்பரும் ஜெபக்குறிப்பும் வாங்கிக்கிட்டா, வெளிப்பாடு அதுபாட்டுக்கு வரும். கர்த்தருக்கு அதிக சிரமம் கொடுக்காண்டாம்.

அடுத்தது, என்னத்தச் சொல்லணும்ங்கிறது. இனிப்பாச் சொல்லு. ஆகாப் ராசா சங்கதி ஞாபகம் இருக்கா? ஞாயிறு பள்ளியில நீ மிட்டாய் வாங்குன அன்னைக்கு மட்டும்லா முழிச்சிருந்த. ராமோத்துக்குச் சண்டைக்குப் போகலாமான்னு கேட்டதும் நானூறு தீர்க்கதரிசி ஒரே குரல்ல போ, ஜெயம்னாவ. சிதேக்கியான்னு ஒருத்தன் இரும்புலயே கொம்பு செஞ்சுக்கிட்டு வந்து, இதால முட்டித் தள்ளுவீருன்னு நடிச்சுக் காட்டுதான். அந்தக் காலத்து எல்ஈடி ஸ்கிரீன் அது. பக்கத்துல இருந்த யோசபாத் ராசாவுக்கு மட்டும் என்னமோ உறுத்துது, வேற ஆளு கிடையாதான்னு கேக்காரு. ஒருத்தன் இருக்கான், மிகாயா, ஆனா அவன் எனக்கு நல்லதே சொல்ல மாட்டான், எனக்கு அவனப் பிடிக்காதுங்கான் ஆகாப். கூப்பிடப் போன சேவகனும் வழியிலயே, எல்லாரும் சொன்ன மாதிரி நீயும் சொல்லிருன்னு காதக் கடிக்கான். வந்து மிகாயா சொன்னதுக்குக் கிடைச்ச காணிக்கை என்ன தெரியுமா? சிதேக்கியா கையால ஒரு கன்னத்து அறை, பொறவு ஜெயிலு, அளந்து ரொட்டி, அளந்து தண்ணி. ஆகாப் வேசம் மாத்திக்கிட்டுப் போயும் அம்பு தேடிப் பிடிச்சிருச்சு.

நானூறுக்கு ஒண்ணு. யாவாரிக் கண்ணுல பாரு. எந்தப் பக்கம் சரக்கு போகும்?

நல்ல கருப்பட்டிய நாக்குல வச்சா இனிப்போட லேசா ஒரு கரிப்பு இருக்கும். சீனி போட்டுக் காய்ச்சினதுல அந்தக் கரிப்பு இருக்காது, வெறும் இனிப்பு. வாங்க வாரவன் நூத்துக்குத் தொண்ணூறு பேரு கரிப்பு இல்லாததத்தான் கேட்டு வாங்குதான், அது மட்டும் என் அனுபவம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுக்கதுக்கு எப்படி முண்டுதாவ, பாத்திருக்கேல்லா. அதுல எதுலயாவது 'கூலிய மிச்சம் பிடிக்காத', 'அண்ணன் தம்பி பங்கத் திருப்பிக் கொடு'ன்னு வசனம் வந்ததப் பாத்திருக்கியா? பைபிள்ல இல்லாமயா. அட்டை அடிக்கவனுக்கு யாவாரம் தெரியும்.

இந்த இனிப்புலயும் ஒரு பொறி இருக்கு, அனனியா மாட்டிக்கிட்ட பொறி. எரேமியா கழுத்துல நுகத்தடியப் போட்டுக்கிட்டு, பாபிலோன்காரன் கிட்ட அடிமையா இருக்கப்போறீங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதான். அனனியா ஆலயத்துல எல்லாரு முன்னாலயும், ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துரும்னு சொல்லி, எரேமியா கழுத்து நுகத்த உடைச்சே போட்டுட்டான். எரேமியா என்ன பண்ணினான்? சண்டைக்கு நிக்கல. ஆமென், அப்படியே ஆகட்டும்னான். நீ சொல்லுதது நடந்தா எனக்கும் சந்தோசந்தான்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான். இந்த எடந்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் வாக்கு பலிக்கணும்னு ஆசப்படாத தீர்க்கதரிசி! பொறவு கர்த்தர் சொல்லித் திரும்பி வந்து, நீ இந்த வருஷமே சாவன்னான். ஏழாம் மாசம் அனனியா செத்தான். ரெண்டு வருஷம்னு கெடு வச்சவன் அதப் பாக்கவே இல்ல. பாத்தியா, இங்கயும் தேதிதான் கவுத்துச்சு.

காணிக்கைக்கு வருவோம், உன் முகம் இப்பத்தான் தெளியுது. நாகமான் குஷ்டம் சொஸ்தமாகி வண்டி வண்டியாக் கொண்டுவந்தத எலிசா தொடல. வேலைக்காரன் கேயாசி பின்னாலயே ஓடிப்போய், எங்க ஐயா கேட்டாருன்னு பொய் சொல்லி ரெண்டு தாலந்து வெள்ளியும் ரெண்டு மாத்துத் துணியும் வாங்கினான். கூடவே குஷ்டமும் வந்துச்சு. அதனால கேயாசி படத்தப் போஸ்டர்ல போடாத.

இன்னொரு பழைய புஸ்தகம் இருக்கு. அரசரடி செமினரியில படிச்ச ஐயர் ஒருத்தர் காட்டினாரு. பன்னிரண்டு அப்போஸ்தலர் போதனைன்னு பேரு, டிடாக்கேம்பாவ. சபை தொடங்கின ஆதி நாள்ல எழுதினது. ரொம்ப நாளாக் காணாமக் கிடந்து, 1873-ல கான்ஸ்டான்டிநோப்பிள்ல ஒரு பழைய ஏட்டுக்கட்டுல கிடைச்சுது. அதுல ஊரு ஊராத் திரியுத ஊழியக்காரனுக்கு ஒரு சட்டம்: ஒரு நாளு தங்கலாம், அவசியம்னா ரெண்டாவது நாளும். மூணு நாளு தங்கினான்னா அவன் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த ஊரு போய்ச் சேருத மட்டுக்கும் ரொட்டி கொடு. பணம் கேட்டான்னா, முடிஞ்சுது, கள்ளன். ஆவியில நிறைஞ்சு பந்தி போடச் சொல்லிட்டு அவனே உக்காந்து தின்னாலும் கள்ளன். எப்படிப் பாத்தியா, அந்தக் காலத்துலயே பிரியாணிக்குத் தீர்க்கதரிசனம் சொன்ன ஆளு இருந்திருக்கான்!

ஆனா ஒரு விலக்கு எழுதி வச்சிருக்காவ. இல்லாதப்பட்டவனுக்குக் கொடுங்கன்னு கேட்டான்னா அவன ஒருத்தரும் குத்தம் சொல்லாண்டாம். அப்போஸ்தலர் நடபடியில அகபு அப்படித்தான். பஞ்சம் வரப்போவுதுன்னான். கிலவுதியு ராயன் காலத்துல வந்துச்சு. சபை துட்டு பிரிச்சுது. அந்தத் துட்டு யூதேயாவுல பசிச்சவனுக்குப் போச்சு, பர்னபாவும் சவுலும் கொண்டுபோனாவ. அகபு கணக்குல ஒரு காசு ஏறல. உன் போஸ்டர்ல கீழ ஒரு கட்டம் போட்டு, ஜிபே நம்பர் கொடுத்திருக்கல்லா, அது யாரு நம்பரு மருமவனே?

சரி சரி, காப்பியக் குடி.

சொன்னது நடக்கலன்னா என்ன செய்யதுன்னும் யோசிச்சு வச்சுக்க. உபாகமம் 18-ல, சொன்னது நடக்கலன்னா கர்த்தர் சொல்லலன்னு அர்த்தம், அவனுக்குப் பயப்படாதன்னு போட்டிருக்கு. நடந்துட்டாலும் தப்பிக்க முடியாதபடி 13-ல வேற ஒரு முள்ளு: அடையாளம் பலிச்சாலும், அவன் வேற தெய்வத்துப் பின்னால இழுத்தான்னா கேக்காதன்னு. மாதர் சங்கத்துல இந்த ரெண்டு அதிகாரத்தையும் தலைகீழாச் சொல்லுத கிழவிங்க இருக்கா. அவளுகள முன்வரிசையில உக்கார விடாத. பலிக்கலன்னா 'உங்க விசுவாசம் பத்தல'ன்னுரு. பழி கேட்டவன் தலையில. இதவிட லாபமான வசனம் பைபிள்லயே கிடையாது, ஏன்னா அது பைபிள்ல இல்ல.

தப்ப ஒத்துக்கிட்டு நல்ல பேரு வாங்கலாம்னு மட்டும் நினைச்சுராத. 2020-ல அமெரிக்கத் தேர்தல்ல டிரம்ப் மறுபடியும் ஜெயிப்பாருன்னு கர்த்தர் பேரால சொன்னவன் பல பேரு. தோத்ததும், ஜெரமையா ஜான்சன்னு ஒருத்தர் நான் சொன்னது தப்பு, மன்னிச்சிருங்கன்னாரு. யாரு திட்டினது? எதிர்க்கட்சிக்காரன் இல்ல. கேட்டு ஆமென் சொன்ன சனந்தான். கொலை மிரட்டல் வரைக்கும் வந்துச்சுன்னாரு. மன்னிப்புக் கேக்காதவனுக்கு அந்தத் தொல்ல இல்ல. 2024-ல டிரம்ப் ஜெயிச்சதும், அப்பவே சொன்னோம்லான்னு பழைய கணக்குல சேத்துக்கிட்டவனும் உண்டு. 2021-ல அங்க உள்ள போதகர் சிலபேரு கூடி, எல்லாருக்கும் முன்னால சொன்னது பலிக்கலன்னா எல்லாருக்கும் முன்னால பொறுப்பேத்துக்கணும்னு ஒரு அறிக்கை போட்டாவ. இதுக்கு ஒரு அறிக்கை வேண்டியிருக்கு பாரு.

சிரிச்சுக்கிட்டே வந்தோம், இந்த ஒரு எடத்துல எனக்குச் சிரிப்பு வரல. கென்யாவுல ஷகாஹோலாக் காடு, 2023. பட்டினி கிடந்து செத்தா இயேசுவப் பாக்கலாம்னு ஒரு போதகன் பேச்ச நம்பிக் குடும்பம் குடும்பமாக் காட்டுக்குள்ள போனாவ. தோண்டத் தோண்ட 400-க்கு மேல பிரேதம். குழந்தைங்க உண்டு அதுல. அந்தச் சனமும் முதல் நாளு ஒரு சாதாரணக் கூட்டத்துக்குத்தானய்யா போயிருக்கும். பாட்டு, ஜெபம், இடுப்பு வலிக்கு ஒரு வாக்கு. கேள்வி கேக்கது பாவம்னு என்னைக்கு ஒருத்தன் சொன்னானோ, அன்னைக்கே காட்டுப் பாதை தொடங்கிட்டு. பவுலு கொரிந்தியருக்கு எழுதையில, ரெண்டு மூணு பேரு தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மத்தவன் அத நிதானிக்கட்டும்னுதான் எழுதியிருக்காரு. அவரு சபையில தீர்க்கதரிசிக்கு மைக்கும் உண்டு, எதிர்ல தராசும் உண்டு.

நெசத் தீர்க்கதரிசி இப்பம் இருக்கானான்னு கேக்க. நான் ஒருத்தியப் பாத்திருக்கேன், நம்ம ஊர்லயேதான். பேரு எதுக்கு? பனையேறி சம்சாரம், புருசன் பனையில இருந்து விழுந்து செத்துட்டான். கோயிலுக்குப் பெரிய மணி வாங்கிக் கொடுத்தாரே ஒரு முதலாளி, அவரு ஒரு ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு வாசல்ல எல்லாரு கையையும் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டு நிக்காரு. இவ நேராப் போய், முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, "ஐயா, தெக்குத் தெரியில நீங்க வேலி போட்ட எடம் அந்தச் சின்னப்பிள்ளைகளோடது. மணிச் சத்தத்துல அது கர்த்தருக்குக் கேக்காதுன்னு நினைச்சிராதீக"ன்னா. சத்தம் போடல, ஆவியில ஆடல. 'கர்த்தர் சொல்லுகிறார்'னு கூடச் சொல்லல. சொல்லிட்டு வெயில்ல நடந்து போயிட்டா. அவர் தோட்டத்துல அவளுக்கு இருந்த கூலிவேலை மறுநாளே போச்சு. பொறவு எத்தனையோ அசனப் பண்டிகையில அவ பக்கத்துல உக்காந்து சாப்பிட ஆளு யோசிச்சுது. வேலி எப்பம் போச்சுன்னு யாரும் பாக்கல. ஒரு மழைக்குப் பொறவு பாத்தா, கல்லு மட்டும் கிடந்துச்சு.

அவளுக்கு விசிட்டிங் கார்டு இல்ல, மருமவனே. கழுகும் இல்ல.

நெசமான ஆளுக்கு என்ன சம்பளம்னு கேட்டல்லா, எரேமியா சம்பளத்தையே சொல்லுதேன். துரவுல எறக்கி விட்டாவ. தண்ணி இல்ல, சேறு. அதுல புதைஞ்சு கெடந்தான். எபெத்மெலேக்குன்னு ஒரு எத்தியோப்பியன், அரண்மனையில வேலை பாக்கவன், ராசாகிட்டப் போய்ப் பேசிட்டு, பழந்துணியும் கந்தையுமாக் கொண்டாந்து, கயிறு அறுக்காதபடி அத அக்குள்ல வச்சுக்கய்யான்னு சொல்லித் தூக்கினான். கோட்டுத் துணி எடுத்தியே, எத்தன மீட்டர் எடுத்த? மிச்சம் இருந்தா வச்சுக்க, உதவும்.

என்ன எந்திரிச்சுட்ட? இரு, முழுசாச் சொல்லிருதேன். ஊழியம்னு இறங்கிட்டா வெளியூர்ல தொடங்காத. எல்லாவனும் தூரத்து ஊர்லதான் தொடங்குதான், ஏன்னு உனக்கே தெரியும். நீ நம்ம ஊர்லயே தொடங்கு. கோயில் பக்கத்துக் காலி மனையில பந்தல் போடுவோம். பந்தல் செலவு என்னது, மைக் செட்டும் என்னது. செல்போன் கடையில உன்கிட்ட அட்வான்ஸ் கொடுத்துட்டு நிக்கவனுகளுக்கு எல்லாம் நானே வீடு வீடாப் போய் நோட்டீஸ் கொடுக்கேன். எங்க அக்காள, அதான் உங்க அம்மாவ, முன்வரிசையில நாற்காலி போட்டு உக்கார வைக்கேன். நீ மேடையில ஏறி, அவ முகத்தப் பாத்து, 'கர்த்தர் எனக்குச் சொன்னார்'னு ஒரே ஒரு வாட்டி சொல்லு. அவ ஆமென் சொல்லிட்டான்னா, அடுத்த கன்வென்ஷனுக்குத் தென்னந்தோப்ப அடமானம் வச்சுத் துட்டு தாரேன்.